ஆற்று நடுவில் ஒரு மணல்திட்டு

மும்பையில் கல்யாண் போகும் மின்ரயில் காட்கோபரைத் தாண்டியதும், எதிரே கப்பல் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த வெள்ளைச்சேலைப் பெண்ணிடம், "மதினி, அண்ணன எரிச்ச எடத்துக்கு ரெண்டு ஊரு சண்ட போடுது" என்றார்.

அதன் பிறகு கையிலிருந்த செய்தித்தாளில் நான் ஒரு வரியும் படிக்கவில்லை.

"அந்தப் பிலிப்பைன்ஸ்லயா?"

"ஆமா. அது சின்ன முனிசிபாலிட்டி. நடுவுல ஆறு, கரைக்கு ஒரு ஊரு, பாலம் கெடையாது. அங்க எல்லாரையும் பொதைக்கத்தான் செய்வாவ. கப்பல்ல செத்த அண்ணன எறக்கி எரிக்கணும்னு நாங்க கேட்டதும், ரெண்டு கரைக்காரனும் எங்க எல்லையில வேண்டாம்னுட்டான். மேயர்தான், ஆத்து நடுவுல உள்ள மணல்திட்டு யாரு எல்லையும் இல்ல, அங்க எரிங்கன்னாரு."

"யாருக்கும் வேண்டாத எடத்துல போட்டுட்டு வந்தியள்."

"இப்பம் கேளுங்க. போன மாசம் கொப்பரை ஏத்த அங்க போயிருந்தோம். கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு கரையிலேருந்தும் படகுல போயி அண்ணனுக்கு மெழுகுவத்தி வச்சிருக்காவ. இப்பம் திட்டு எங்களுக்குத்தான்னு ரெண்டு பேரும் மேயர்ட்ட நிக்கான். எந்தக் கரையில சேக்கணும்னு வீட்டுக்காரிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னாரு."

முலுண்டில் வண்டி நின்றதும் அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஒரு கரையில சேத்துட்டா, மத்த கரைக்காரன் பெறவு வரமாட்டாம்லா?"

"எதுக்கு வாரான்?"

"அப்பம், நான் இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்னு மேயர்ட்ட சொல்லிருங்க."