மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மணி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் பயம். வெடி வைத்து மலை குடையும் இடத்தில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள், ஐயா. நீங்களும் தூங்கி நாளாகிவிட்டதென்று முகமே சொல்கிறது.

சுரங்கப்பாதையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தோம். நடுவில் பாறை மெலிந்துவிட்டது. கிழக்கே வெடித்தால் மேற்கே ஆள் இருக்கக் கூடாது. செல்போன், வாக்கிடாக்கி எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது, வெடிக்கம்பிக்கு ஆகாது, அந்த அலை பட்டே வெடித்துவிடலாம். வாசல் கடிகாரத்தோடு சரிசெய்த கைக்கடிகாரத்தில் மணி பார்த்துத்தான் வெளியே வருவார்கள். இரண்டு வாசல் கடிகாரத்துக்கும் நான் பொறுப்பு.

கிழக்கு வாசலில் ரேடியோ கடிகாரம். தூரத்து நிலையம் ஒன்று அனுப்பும் நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மேகம் திரண்டால் இரைச்சல் வரும். ஆனால் கோளாறு என்று காதுக்குத் தெரிந்துவிடும். மேற்கு வாசலில் சாட்டிலைட் கடிகாரம். ரேடியோவைவிடத் துல்லியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானத்திலிருந்து வரும் அந்தச் சிக்னல் அத்தனை பலவீனம். ஆன்டெனாமேல் ஒரு தகர மூடியைக் கவிழ்த்தால் போயிற்று. கடிகாரம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ இருக்கிற ஒருவன் பொத்தானை அமுக்கி எல்லாச் சாட்டிலைட்டையும் நிறுத்திவிட்டால்? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கிழக்கிலும் சாட்டிலைட்டே வைக்கப்போவதாக இன்ஜினியர் சொன்னார். வேண்டாம் என்று மன்றாடினேன். மேற்குப் பக்கத்து மேஸ்திரி என் தங்கையின் கணவர். எல்லார் முன்னாலும் அவர்தான் சிரித்தார்.

"மச்சான், மழை பெஞ்சா உங்க ரேடியோவுக்குச் சளி பிடிக்குது. இதுக்கு அந்த வம்பே இல்ல. உங்க பயத்துக்கு நாங்க என்ன பண்றது?"

பயத்தைச் சொன்னால் யாருக்கும் புரியாது. காட்டத்தான் வேண்டும்.

மேற்கு ஆன்டெனாமேல் தகர மூடியைக் கவிழ்த்தேன். சிக்னல் போனால் எரியும் எச்சரிக்கை விளக்கின் வயரைக் கழற்றினேன். பல நாள் ஆகியும் கடிகாரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு பிசகவில்லை. அதனால் நானே இரண்டு நிமிடம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். என்றாவது அது தானாக ஆகியிருக்கும். நான் சற்று முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கடைசியில், வெடிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் வருகிறவர். அது எனக்குத் தெரியும்.

அன்று கிழக்கு வாசலில், வெடி வைப்பவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவருக்கு என்னமோ மனசு கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் வாசலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரவா?" என்றார்.

"எதுக்கு? ரெண்டு பக்கமும் ஒரே மணிதானே," என்றேன்.

அவர் அமுக்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளையோடு இன்னும் மூன்று பேர் உள்ளே இருந்தது பிறகுதான் தெரிந்தது. வெடி வைத்தவரை விட்டுவிடுங்கள். அவர் என் வார்த்தையை நம்பியவர். போன் போடச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் நான்கு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாட்டிலைட்டை நம்பக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ அப்பவே சொன்னியேண்ணே. அவர் கேக்கலியே," என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அந்தக் கடிகாரத்தில் ஒரு பழுதும் இல்லை, மறுபடி ஓடவிடலாம் என்று உங்கள் விசாரணை ஆட்கள் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம், ஐயா. அது ஏற்கெனவே நான்கு பேரைக் கொன்றிருக்கிறது.