போட்டிக் கம்பெனிக்கு ஓர் அர்ச்சனை

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலி வரும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார்:

"போட்டிக் கம்பெனி பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வாரேன், அண்ணாச்சி."

"ஏன் வே, அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட தோத்துத்தானே உம்ம மக தன் கம்பெனியை மூடுனா?"

"ஆமா. ஏஐக்கு சிப்பு செய்யுததுல அவன் முந்திட்டான். ரெண்டு மாசமா பிள்ளை வீட்டுல முடங்கிக் கிடந்தா. இப்ப அவனுக்குப் பெரிய முதலீடு வந்திருக்கு. இவளையும் வேலைக்குக் கூப்பிட்டுட்டான்."

"கம்பெனிக்கு என்ன நட்சத்திரம் சொன்னீரு?"

"ஐயர் கேட்டதும் முழிச்சேன். பொறவு எம் மகளோடதையே சொல்லிட்டேன்."

அண்ணாச்சி சிரித்தார். "பிள்ளை எப்படி இருக்கா?"

"இன்னைக்கு அவளாக் கேட்டு நாலு தோசை சாப்பிட்டா, அண்ணாச்சி."

முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக, நானும் நெல்லையப்பரை நினைத்துக் கைகூப்பினேன்.