சோதினை முடியும் வரை தங்கச்சி வீட்டில்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக வரும், மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு தாய்மார் கதைத்ததை எழுதுகிறேன்.

"ஓ.எல். சோதினை முடியுமட்டும் மகள் என்னை வீட்டால கலைச்சுப்போட்டாளடி," என்றார் மூத்தவர்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

"சோதினை துவங்கின அண்டு காலமை அனுமதி அட்டையையும் பேனையையும் பிள்ளையார் காலடியில வைச்சுப் பூசை செய்விச்சனான். வரேக்க பேனையை மட்டும் கொண்டுவந்திட்டன்."

"அட்டை?"

"பிள்ளையாரிட்ட. ஐயர் கோயிலைப் பூட்டிப்போட்டுப் போயிட்டார். மகள்தான் சைக்கிள்ள போய் ஐயரைக் கூட்டிவந்து எடுத்தவள். நான் கோயில் வாசல்ல மயங்கி விழுந்திட்டன். எனக்குச் சோடா பருக்கிப்போட்டுப் போய் எழுதினவள்."

"சோதினை ஆருக்கக்கா, உங்களுக்கோ அவளுக்கோ?"

"அவளும் அதைத்தான் கேட்டவள். நான் வீட்டில நிண்டா கணக்கில பெயிலாம். தகப்பன் சமைச்சுக் குடுப்பாராம், என்னைத் தர்மபுரத்தில என்ர தங்கச்சி வீட்டை போகட்டாம். இண்டைக்குக் கணக்கு முடிஞ்சிருக்கும், அதுதான் திரும்பிப் போறன்."

அப்போது அவருடைய போன் அடித்தது.

"ஓம் பிள்ளை. நான் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. ஓம்."

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு நல்லாச் செய்தவளாம். நாளைக்கு விஞ்ஞானமாம். வீட்டுப் பக்கம் வந்திட வேண்டாமாம்."

சிரித்தபடி மணியை அடித்து விசுவமடுவில் இறங்கி, தர்மபுரம் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

விசுவமடுவோ உடையார்கட்டோ, எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.