நாற்பத்தொன்றாம் பக்கம்

கறுப்பு மார்க்கர் பேனாவை மூடியில்லாமல் வைத்தால் அரை மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. மூடியை அழுத்திப் போட்டு, தலைகீழாக நிறுத்தி வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பேனாவைக்கூட நான் காய விட்டவனில்லை. உங்கள் மேசையில் இருக்கிற அந்தப் பேனாவுக்கு மூடியைக் காணோம், மேடம். முதலில் அதைக் கவனியுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். என் முழங்கால் அதற்கெல்லாம் அனுமதி தராது.

யார் சொல்லிச் செய்தேன் என்று விசாரணையில் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வேலையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குச் சுவைக்காது.

நான் தகவல் அலுவலராக இருந்தவன். கடலுக்கு அப்பால் நம் அரசாங்கத்துக்குப் பங்கு உள்ள எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா, இங்கிருந்து ஆட்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போகிறார்கள். போனதும் பாஸ்போர்ட்டைத் தோட்டத்து ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இங்கிருந்து ஒரு தணிக்கைக் குழு போய், குடியிருப்பு எப்படி, தண்ணீர் எப்படி, பூச்சிமருந்து தெளிக்கிறவர்களுக்குக் கையுறை உண்டா என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதும். அந்த அறிக்கைகளைப் பூட்டி வைப்பது எங்கள் பிரிவு. பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் கேட்கலாம். முப்பது நாளுக்குள் நாங்கள் பதில் தர வேண்டும்.

நான் எல்லா மனுவுக்கும் இருபத்தொன்பதாம் நாள் பதில் அனுப்பினேன். ஒரு மனுகூட முப்பதைத் தொட்டதில்லை. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் நாட்காட்டியைப் பார்க்காமல் என் தபால் தட்டைப் பார்த்துத் தேதி சொல்வார்கள். பதில் என்னவோ அனுப்பினேன். தாள் அனுப்பியது குறைவு. என் காலத்தில் அந்த அறையிலிருந்து வெளியே போன எழுத்துகளைவிட உள்ளே வந்த கொசுக்கள் அதிகம்.

எங்கள் பிரிவின் உதவியாளருக்கு ரயிலு என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவரில்லை. கோப்புக் கட்டுகளைத் தூக்கி வருவது அவர் வேலை. நீங்கள் விசாரிக்கிற வருஷத்து அறிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அலமாரியிலிருந்து என் மேசைக்குப் பதினைந்தடி தூரம். வழியில் மூன்று முறை உட்கார்ந்து எழுந்து, ஒரு முறை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தார். அப்படி ஓர் அறிக்கை.

அதைக் கேட்டு வந்தவர்தான் தையலம்மா. அவர் பெயர் மனுவில் இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் தையலம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்திலிருந்து நேராக வருவார். கழுத்தில் அளவு நாடா தொங்கும், புடவையெல்லாம் நீல நூல் ஒட்டியிருக்கும். கையில் மஞ்சள் பை. அவர் கணவர் அந்தத் தோட்டத்தில் மருந்து தெளிக்கிற வேலை. போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் கசக்கிறது, நகமெல்லாம் கறுத்துப்போகிறது என்று போனில் சொல்லியிருக்கிறார்.

அவரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி இருந்தது. குடியிருப்போ தண்ணீரோ உடம்புக்கு ஆகாது என்று தணிக்கைக் குழு எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தின் முத்திரை வைத்த நகலோடு குடும்பத்தார் விண்ணப்பித்தால் போதும். ஒப்பந்தம் முடியாவிட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியே தீர வேண்டும். ஒரே ஒரு தாள். அதில் என் வட்ட முத்திரை. அவ்வளவுதான்.

அந்தத் தாள் நாற்பத்தொன்றாம் பக்கம். அதில் பதினொரு பேர் பட்டியல். ரத்தத்தில் பூச்சிமருந்து ஏறியவர்கள், தாமதமின்றி ஊருக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று மேலே தலைப்பு. தையலம்மாவின் கணவர் நான்காவது வரி. அவருடைய முதல் மனு என் கைக்கு வந்த அன்றே நான் அதைப் படித்துவிட்டேன். எதையும் படிக்காமல் மறுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முதல் மனுவில் அவர், 'அங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறதா' என்று கேட்டிருந்தார். சட்டப்படி ஆவணம் கேட்கலாம், கேள்வி கேட்கக் கூடாது என்று பதில் போட்டேன். இரண்டாவதில் தணிக்கை அறிக்கை வேண்டும் என்றார். எந்த வருஷம் என்று குறிப்பிடவில்லையே என்றேன். மூன்றாவதில் வருஷம் இருந்தது, கையெழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை. நான்காவதில் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் நேரில் வந்து பார்வையிடச் சொன்னேன்.

அந்தப் பார்வையிடலுக்கு நான் ஒரு வாரம் உழைத்தேன் மேடம். கறுப்படிப்பது சும்மா தேய்க்கிற காரியமில்லை. அளவுகோல் வைத்து ஒரு தடவை அடிக்க வேண்டும். பிறகு அதை நகலெடுக்க வேண்டும். நகலின் மேல் மறுபடி அடித்து மறுபடி நகலெடுக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் எழுத்து தெரியாது. மற்றப் பக்கங்களில் அங்கங்கே இரண்டு வரி அடித்தேன். நாற்பத்தொன்றை மட்டும் முழுதாக அடித்துவிட்டு, கீழே பக்க எண்ணை விட்டுவைத்தேன். அது நான் அவருக்குக் காட்டிய மரியாதை.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த இடத்தில் நின்றார். தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார்.

"ஏன் ஐயா, இந்தப் பக்கம் மட்டும் மொத்தமா கறுப்பா இருக்கு?"

"மூன்றாம் நபரோட தனிப்பட்ட விவரம்மா. வெளியில சொல்லக் கூடாது."

"யாரு அந்த மூணாம் ஆளு?"

"அதச் சொல்லிட்டா அவர் எப்படிம்மா மூணாம் ஆளா இருப்பார்?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. ரயிலுகூடச் சிரித்தார். மூன்றாம் நபர் அவருடைய கணவர்தான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு கச்சிதமான ஒரு மறுப்பு எனக்கு அமைந்ததில்லை.

ஐந்தாவது மனுவிலிருந்து அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் கேட்க ஆரம்பித்தார். நேரிலேயே வந்து கொடுப்பார், தபாலை நம்பமாட்டார். என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். ஐயா என்றவர் ஆறாவது மனுவில் அண்ணே என்றார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. வீட்டிலும் நான் தனி ஆள். ஒருநாள் என் சட்டையில் பொத்தான் அறுந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆபீசர் சட்டையா இது, அண்ணி இதையெல்லாம் கவனிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். அண்ணி இல்லை என்றேன். பையிலிருந்து ஊசியை எடுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லாமல், அப்படியே நிற்கவைத்துத் தைத்துவிட்டார். இதோ, இந்த இரண்டாவது பொத்தான். ஊரே புரண்டாலும் இது வராது. இன்றைக்கு உங்களைப் பார்க்க வரவேண்டும் என்றதும் இந்தச் சட்டையைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் போன பிறகு ரயிலு என் மேசையருகே வந்து நின்றார்.

"பாவம் ஐயா, அந்தம்மாவுக்குக் கொடுத்து அனுப்பிடுங்களேன். ஒரு தாளு தானே."

"கொடுத்துட்டா அப்புறம் எதுக்குய்யா அவங்க வரப்போறாங்க?"

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். ரயிலு சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலிடத்தில் யாரோ சொல்லித்தான் மறைத்திருப்பேன் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். தோட்டத்துக்காரர்கள் பேசினார்களா, அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததா என்று முதல் நாளிலிருந்து கேட்கிறீர்கள். யாரும் பேசவில்லை. ஏழாவது மனுவை நான் இயக்குநருக்கு அனுப்பினேன். அவர் பச்சை மையில் 'கொடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்று மாலையே திருப்பிவிட்டார். கொடுக்கலாம் என்று எழுதினார், எப்போது என்று எழுதவில்லை. கோப்பை இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். அவசரப்பட்டு ஒரு வேலையைக் கெடுப்பவனில்லை நான்.

ஒன்பதாவது தடவை வந்தபோது தையலம்மா போனில் ஒரு குரல் பதிவு கொண்டுவந்திருந்தார். கணவர் அனுப்பியது. என் மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினார். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, படி ஏறினால் கண் இருட்டுகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இருமலுக்கு நடுவே, "உங்க அண்ணன் ஆபீசர்கிட்ட சொல்லு. மச்சான், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, நான் வந்து உங்களுக்கு விருந்தே வைக்கிறேன்னு சொன்னேன்னு சொல்லு" என்றார். பதிவு அவ்வளவு தெளிவு. பின்னால் யாரோ வாளியை இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. அந்தத் தோட்டத்துத் தண்ணீரைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்தவன் நான். அந்த வாளி எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

என்னை மச்சான் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர். முகம் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோயிற்று. அந்த மனுவுக்கும் இருபத்தொன்பதாம் நாள் பதில் அனுப்பினேன், மூன்றாம் நபரின் சம்மதக் கடிதம் தேவை என்று.

முதல் மனுவிலிருந்து பதினான்காம் மாதம் தையலம்மாவின் கணவர் போய்விட்டார். பட்டியலில் மற்றப் பத்துப் பேருக்காக யாரும் மனுப் போடவில்லை, அதனால் அவர்கள் கதை எனக்குத் தெரியாது. தையலம்மா வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அழாமல் கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்கண்ணே. அந்தப் பக்கத்துல என்னதான் இருக்கு?"

"இறப்பு சம்பந்தமானது பக்கத்துக் கட்டடம்மா. மூணாவது மாடி."

அவர் எழுந்து போனார். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று நானே வெளியே வந்து காட்டினேன். அதன்பிறகு அவர் வரவில்லை. எட்டு மாதம் அந்த நாற்காலியை யாரையும் நகர்த்த விடாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், என்னைப் பற்றி நிறையப் பொய் சொன்னார்கள், நானும் திருத்தவில்லை.

ஓய்வில் பொழுது போகவில்லை மேடம். வீட்டில் செய்தித்தாளின் ராசிபலனைக்கூடக் கறுப்படித்துப் பார்த்தேன், அவ்வளவு சலிப்பு. எனக்குப் பிறகு என் பதவிக்கு ஒரு புதுப் பெண் வந்திருந்தார். கைத்திறமை எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று ஒரு விளையாட்டுத் தோன்றியது. சாதாரணக் குடிமகனாக ஒரு மனுப் போட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கமும் அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பும் வேண்டும் என்று. எனக்கு ஆறு மறுப்பாவது வரும், ஒவ்வொன்றையும் மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று சிவப்புப் பேனாவெல்லாம் வாங்கி வைத்திருந்தேன்.

நான்கு நாளில் வந்துவிட்டது. ஒரு கோடுகூட அடிக்காமல். பதினொரு பெயரும் பளிச்சென்று தெரிய, வட்ட முத்திரையோடு, இயக்குநரின் பச்சை மையையும் சேர்த்து. மேலே, வேறு ஏதாவது தேவைப்பட்டால் போன் செய்யுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. என் ஆயுளில் இப்படி ஒரு பொறுப்பில்லாத வேலையை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்தப் புகாரை எழுதினேன். உங்கள் முன்னால் இருக்கிற அந்த நான்கு பக்கம். நான்காம் வரியில் இருப்பவரின் மனைவியிடமிருந்தே, இயக்குநர் அனுமதித்த பிறகும், பதினான்கு மாதம் நான் காப்பாற்றிய ஒரு பக்கத்தை, யாரென்றே தெரியாத ஒரு கிழவனுக்கு நான்கு நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அந்தப் பெண்ணைக் கண்டிப்பார்கள், என்னைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டது மட்டும் நடந்தது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். கொடுத்தால் அந்த மனிதர் உயிரோடு வருவார் என்று தெரியும். கொடுக்காவிட்டால் வரமாட்டார் என்றும் தெரியும். யாரும் சொல்லாமல், யாரும் தடுக்காமல், நானாகத்தான் கொடுக்கவில்லை. இதில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவருக்கு நான் எப்படிக் கெடுதல் நினைப்பேன்?

வரும்போது வெளியே பெஞ்சில் அவரைப் பார்த்தேன். அதே மஞ்சள் பை. நீங்கள்தான் வரச்சொல்லியிருப்பீர்கள். நான் சிரித்தேன், அவர் என் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த அந்த முத்திரை வைத்த நகலை மடித்து இதோ சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். அவரை உள்ளே கூப்பிடுங்கள், என் கையாலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஒரு வெள்ளைத்தாள் மட்டும் அவருக்குக் கொடுங்கள் மேடம். வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தரட்டும். இந்தத் தடவை முப்பது நாளெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.