ஏழுவுக்குத் தலைவலி வந்ததில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். இந்த நாற்காலி அருமையாக இருக்கிறது. பதின்மூன்று வருடமாக இந்தக் கம்பெனியில் உட்கார்ந்தே பிழைக்கிறேன். முதுகைத் தாங்குகிற நாற்காலி விசாரணை அறையில்தான் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் மாடியில் இருப்பவை சாய்ந்தால் கூடவே சாயும், நிமிர்ந்தால் நிமிராது. முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக ஏதாவது தப்பு செய்திருப்பேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் வேலை மென்பொருள் எழுதுவது. கேட்கப் பெரிதாக இருக்கும். என் மாமியார் இன்னமும் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன் என்றுதான் நம்புகிறார். மிக்சி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். உண்மையில் பல வருடமாக நான் பார்ப்பது ஒரே ஒரு திரை. கூரியர்காரர்கள் வாங்குகிற மென்பொருளில், பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை. அதில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு நான் பொறுப்பு. பார்சலுக்கு இல்லை.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியே போகும். நல்ல விதி, நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு ஒப்புதல் தரவேண்டியவர் ஒரு சீனியர். அவரை நாங்கள் ‘பாக்கறேன்’ என்று அழைப்போம்.

“சார், அந்த பட்டன் விஷயம்…”

“பாக்கறேன்.”

“பதினோரு நாளாச்சு சார். ஒரே ஒரு வரிதான்.”

“பாத்துட்டேதான்பா இருக்கேன்.”

ஒரு பொத்தானை அரை விரல் இடப்பக்கம் நகர்த்துகிற வரி அது. பன்னிரண்டாம் நாள் அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. குழுவில் மிஞ்சியது நானும் டெஸ்டர் அக்காவும். அக்காவின் வேலை, நான் முடித்துக் கொடுப்பதை உடைத்துப் பார்ப்பது. நிரலுக்கு ஒப்புதல் தர அவருக்கு உரிமை கிடையாது. இப்படியாக என் பொத்தான் நடுத்தெருவில் நின்றது.

என்றைக்கோ யாரோ உள்நுழைவுப் பக்கத்தைச் சோதிக்க ‘டெவலப்பர் 1’ முதல் ‘டெவலப்பர் 10’ வரை பத்துப் பொய்க் கணக்குகள் திறந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒன்பதை அழித்துவிட்டார்கள். ஏழாவதை மறந்துவிட்டார்கள். கடவுச்சொல்லும் ஏழுதான், வரிசையாக எட்டுத் தடவை. நான் அதற்குள் போய் என் பொத்தானுக்கு ஒப்புதல் கொடுத்தேன். பொத்தான் நகர்ந்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. இந்த வாக்கியத்தை நான் இன்னும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும், இப்போதே எழுதிக்கொண்டால் சுலபம்.

இரண்டு மாதத்தில் புது மேலாளர் வந்தார். நல்ல மனிதர், இளகிய மனசு. வந்த அன்றே ஒப்புதல் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த டெவலப்பர் ஏழு யாரு? ஆளையே காணோமே?”

“வீட்லேருந்து வேலை பாக்கறான் சார்.” வாயில் வந்தது அதுதான்.

“பேர் ஏன் இப்படி இருக்கு?”

“ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான் சார். யாரும் மாத்தல.”

அவர் ஆள்கணக்கைத் திறந்து மேலும் கீழும் தேடினார். “இவர் பேரே இதுல இல்லையேப்பா. இத்தனை நாளா ஒருத்தர் உழைக்கறார், அவரை ஆளாவே சேர்க்கல. மனுஷங்களா நீங்கல்லாம்?”

அவர் கண் கலங்கிவிட்டது மேடம். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கண் கலங்கி நிற்கிறவரிடம் போய், நீங்கள் ஒரு பொய்க் கணக்குக்காக அழுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அப்படி முகத்தில் அடித்தாற்போல் பேச வராது. அவரே மனு எழுதி, அவரே நாலு பேரைப் பார்த்து, ஏழுவை நிரந்தர ஊழியனாக்கினார். சம்பளப் பிரிவிலிருந்து வங்கி விவரம் கேட்டு மடல் மேல் மடலாக வந்தது. ஏழு ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒரு பைசா நான் தொட்டதில்லை. அடையாள அட்டை வந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்தது, முழுப் பாதுகாப்புடன். ஏழுவுக்கு இன்றுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

காலைக் கூட்டத்தில் எல்லோரும் நின்றுகொண்டே, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று ஒப்பிக்க வேண்டும். ஏழுவுக்கு மைக் ரிப்பேர், கேமராவும் ரிப்பேர். கம்பெனி அவன் பேருக்குக் கொடுத்த லேப்டாப் என் பையில் இருந்தது, அதிலிருந்து எழுத்தில் சொல்வான்: ‘நேற்று சொன்னதை முடித்தேன். இன்றும் முடிப்பேன். தடை ஏதும் இல்லை.’ நான் என் முறை வரும்போது கால் மணி நேரம் இழுப்பேன். எனக்கு எப்போதும் ஏதாவது தடை இருக்கும்.

“பாருங்க, ரெண்டு வரில முடிச்சிட்டார்,” என்பார் மேலாளர். “உங்களுக்குப் புராணம் பாடணும்.”

வெறும் ஒப்புதல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும் என்பதால், ஏழு என் நிரலில் குறை சொல்ல ஆரம்பித்தான். முதலில் சின்னச் சின்னதாக. ‘இந்த வரி தேவையா?’ நான் பதில் எழுதுவேன், தேவைதான் என்று. அவன் ஏன் என்பான். யோசித்துப் பார்த்தால் தேவையில்லை. நான் தோற்றுப்போய் வரியை அழிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வந்த பிறகு என் நிரல் தேறியது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிகிற தப்பு, என் நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது. இரண்டும் ஒரே நாற்காலி என்பது வேறு விஷயம்.

வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவனைப் பற்றிப் புலம்புவேன். என் மனைவி முழுதாக நம்பினாள்.

“அவர் சொன்னதுல என்ன தப்பு?” என்று ஒருநாள் கேட்டாள். “உங்களுக்கு யார் சொன்னாலும் ரோஷம் வந்துடும். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க அவரை.”

“அவன் எங்கயும் வரமாட்டான்.”

“உங்க கூட வேலை பாத்தா அப்படித்தான் ஆகும், பாவம்.”

எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. எனக்கும்தான். அந்த ஆபீசில் நான் கேட்ட அன்றே எனக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் அவன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதற்காகத்தான் பொறுமையாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

அக்கா எனக்கு முன்னால் சேர்ந்தவர். எதைக் கொடுத்தாலும் உடைத்துவிட்டு, “தம்பி, கோச்சுக்காதே, விழுந்துடுச்சு” என்று பூச்சாடியைத் தள்ளிவிட்ட குழந்தை மாதிரி சொல்வார். என் பெண் பிறந்தபோது மூன்று வாரம் என் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தவர். அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதெல்லாம் அக்காவின் கம்பெனிக் காப்பீட்டில் நடந்தது. அக்காவின் வேலைதான் அவர் கணவரின் சிறுநீரகம் என்று நானே ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லி, அக்காவும் சிரித்திருக்கிறார்.

போன வருடம் ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: “ஏன்டா தம்பி, நீ லீவு போட்டா அந்த ஏழுவும் லீவு போடறானே, கவனிச்சியா?”

“அப்படியாக்கா?”

“உனக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவனும் ஆளக் காணோம். ஒட்டிப் பிறந்தவங்க மாதிரி இருக்கீங்கடா ரெண்டு பேரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.  

ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மூன்று பேர் குழு இரண்டு பேராக வேண்டும். மேலாளர் ரொம்ப வருத்தப்பட்டார். யாரை அனுப்புவது என்று தானே முடிவு செய்யும் பாவம் தனக்கு வேண்டாம் என்று, ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேருக்கும் மதிப்பெண் போட வேண்டும். யார் எழுதியது என்று மேலாளரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அக்கா எங்கள் இருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது மனசுக்குச் சங்கடமாக இருந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் படிவத்தில் ஏழுவுக்கு ஒன்பது போட்டேன். நியாயமாகப் பத்து போடலாம், ஆனால் வளர வேண்டிய பையன். அக்காவுக்கு நான்கு போட்டேன். மூன்றுதான் மனதில் வந்தது, பழகிய தோஷத்துக்கு ஒன்று கூட்டினேன். பிறகு பையிலிருந்து இன்னொரு லேப்டாப்பை எடுத்தேன். ஏழுவுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. அவன் எனக்குப் பத்து போட்டான். அக்காவுக்கு மூன்று போட்டுவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் ‘தேவையில்லாத கேள்விகள் கேட்கிறார்’ என்று எழுதினான்.

அதுதான் காரணமா என்று கேட்காதீர்கள் மேடம். அது அவன் கருத்து.

உண்மையை ஒரு வரியில் சொல்லியிருந்தால் மூன்று பேர் இரண்டு பேராகியிருப்போம், ஒருவருக்கும் வேலை போயிருக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். கணக்கில் நான் எப்போதும் கெட்டிதான். ஆனால் அவனை நினைத்துப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, சம்பளம் கேட்டதில்லை. அப்படிப்பட்டவனை எந்த மனதோடு அழிப்பது?

அக்கா கிளம்பிய அன்று மேசையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் அவருடைய ஹெட்செட்.

“இதை ஏழுகிட்ட குடுத்துடுடா. மைக் இல்லாம அந்தப் பையன் எவ்வளவு நாளா தட்டிக்கிட்டே இருக்கான். நல்லா வேலை செய்யும், இடது காது மட்டும் கொஞ்சம் கரகரங்கும்.”

“குடுத்துடறேன்க்கா.”

“பேசச் சொல்லு அவனை. பேசாமலே இருந்தா ஆள் இருக்கிறதே மத்தவங்களுக்குத் தெரியாமப் போயிடும்.” ஒயரை நேர்த்தியாகச் சுற்றி என் கையில் வைத்தார். “சாப்பிட்டியாடா?”

சாப்பிட்டேன் என்றேன். லிஃப்ட் வரைக்கும் அவர் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஹெட்செட் என்னிடம்தான் இருக்கிறது. அவர் சொன்னது சரி, இடது காது கரகரக்கிறது.

பிறகு ஒருமுறை போன் செய்து விசாரித்தேன். அக்காவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இந்த வயதில் சுலபமா? கணவரை வாரம் இரண்டு தடவை கூட்டிப்போனவர், இப்போது ஒரு தடவைதான் கூட்டிப்போகிறாராம். எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு ஒன்றாகக் குறைந்தால் உடம்பு தேறிவருகிறது என்றுதானே அர்த்தம். குரல்தான் கொஞ்சம் களைப்பாக இருந்தது.

இதெல்லாம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதமும் நான் வாயைத் திறக்காதவன், இப்போது நானாக ஏன் உங்கள் கதவைத் தட்டினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

போன வாரம் மறுபடி உத்தரவு வந்தது. இரண்டு பேர் ஒருவராக வேண்டும். இந்தத் தடவை படிவம் இல்லை. மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

“மனசைத் தேத்திக்கோங்க,” என்றார்.

“சார், ஏழுவை அனுப்பிடலாமே.”

“அவரையா? இந்த ரிப்போர்ட்டைப் பாருங்க. உங்க கோட்ல அவர் கண்டுபிடிச்ச தப்பு நானூத்திப் பன்னெண்டு. அவர் கோட்ல நீங்க கண்டுபிடிச்சது எத்தனை?”

“ஒண்ணும் இல்ல சார். அவன் எதுவுமே எழுதினதில்ல.”

“தப்பே இல்லாம எழுதறார்னு சொல்லுங்க. பெருந்தன்மையா ஒத்துக்கணும்.”

“சார், அப்படி ஒரு ஆளே இல்ல சார்.”

அவர் என் தோளில் கை வைத்தார். “பொறாமை வரும், மனுஷன்தானே. ஆனா அவர் உங்களைப் பத்திப் போன வருஷம் என்ன எழுதினார் தெரியுமா? பத்துக்குப் பத்து. அவரைப் போய் இல்லேன்னு சொல்றீங்களே.”

அங்கே என் பேச்சு எடுபடவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன். இரண்டாவது லேப்டாப், அட்டைகள், கடவுச்சொல் எல்லாம் உங்கள் மேசையில் இருக்கின்றன. இல்லாத ஒருவனுக்காக, இருக்கிற ஒருவனை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம். குடும்பம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. ஒரு மனிதனை இப்படிச் செய்ய யாருக்கு மனசு வரும் என்று நான் மூன்று நாளாகத் தூங்காமல் யோசித்தேன்.

இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஏழுவை அழித்துவிட்டால் ஓர் இடம் இருக்கிறது. அதற்கு அக்காவைத் திரும்பக் கூப்பிட்டால் என்ன என்கிறீர்கள். அக்கா தங்கமானவர், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இருப்பது ஒரே இடம் மேடம். வேலை இல்லாமல் இருக்க அக்கா இந்த ஒன்பது மாதத்தில் எப்படியும் பழகியிருப்பார். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.