சாமிக்கு எடுத்த வெண்ணெய்

— வெண்ணெய் இல்லேன்னா என்னடிம்மா அர்த்தம், செம்மொழி? கேக்கு வெந்து ஆறி நிக்கறது. மேல பூச வெண்ணெய் இல்லேங்கறே.

— இருந்துச்சு மாமி. நேத்து வரைக்கும் ஃபிரிட்ஜுல ரெண்டு பாக்கெட் இருந்துச்சு. ஒண்ணை வேற ஒரு கேக்குக்கு எடுத்துட்டேன். உங்க கேக்குக்கு இன்னொண்ணை எடுக்கலாம்னு கதவைத் திறந்தா காலி. எங்க மாமியார் காலையிலயே தூக்கிட்டுப் போயி பெருமாள் மேல எறிஞ்சுட்டு வந்துட்டாங்க.

— பாக்கெட்டோடயா?

— பிரிச்சுத்தான் மாமி. உருண்டை பிடிச்சு எறிஞ்சாங்களாம். ஒண்ணு சாமி தோள்லயே போயி ஒட்டிக்கிச்சுன்னு அப்படி ஒரு சந்தோஷம் அவங்களுக்கு. நான் என்னன்னு திட்டுறது?

— ஃபிரிட்ஜுல இருந்த வெண்ணெய் கல்லாட்டம் இருந்திருக்குமே. பல்லக்குத் தூக்கறவா மண்டை என்ன ஆச்சோ.

— சிரிக்காதீங்க மாமி. எனக்கு அழுகையே வருது.

— நான் எங்க சிரிச்சேன். அழத் தெம்பில்லாம பேசறேன். கடையில பார்த்தியோ?

— வெயில்ல நானே அலைஞ்சுட்டு வந்துட்டேன். மன்னார்குடி பூராவும் ஒரு கரண்டி வெண்ணெய் கிடையாது. வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்னிக்கு வந்து வெண்ணெய் கேக்குறியே, எந்த ஊரும்மா நீன்னு பால் பூத்துக்காரர் கேக்குறாரு. பேராவூரணின்னேன். எங்க பக்கம் தென்னந்தோப்புதான் மாமி. சாமி மேல வெண்ணெய் எறியிற ஊரை நான் எங்க கண்டேன். கல்யாணமாகி வந்து இதுதான் எனக்கு முதல் பங்குனி.

— தெருவுல டப்பா டப்பாவா விக்கறாளே.

— தொட்டுப் பாத்தேன். வெயில்ல எண்ணெயா நிக்குது. அதுல சர்க்கரையைப் போட்டு அடிச்சா, கட்டி வேற தண்ணி வேறன்னு பிரிஞ்சு போயிரும். அதைப் பூசிக் குடுத்தா நாளைக்கு என் மூஞ்சியில நீங்க முழிக்க மாட்டீங்க.

— அந்த மூலையில கூடை கவிழ்த்து வச்சிருக்கியே, அது என்ன?

— அதுதான் சொன்னேனே, வேற ஒருத்தரோடது.

— பூச்செல்லாம் முடிஞ்சாச்சோ?

— முடிஞ்சுது. பேரு மட்டும் எழுதணும்.

— செம்மொழி, அதை எனக்குக் குடுத்துடு.

— மாமி.

— அவாளுக்கு நாளைக்குப் பண்ணிக் குடு. வெண்ணெய் கிடைக்கலேன்னு சொல்லு. பொய் இல்லையே அது.

— முடியாது மாமி, கோவிச்சுக்காதீங்க. இப்ராஹிம் பாய் மெடிக்கல் கடையிலேர்ந்து ஒரு சார் கூப்பிட்டாரு. இந்த வயசுல முதல் தடவையா கேக்கு வாங்குறேன், எனக்கு என்ன கேக்கணும்னுகூடத் தெரியலம்மான்னாரு. முட்டை வேணாம், முந்திரி வேணாம்னு அது ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. என்ன பேரு எழுதணும்னு கேட்டா, அப்பறம் சொல்றேன்னு வச்சுட்டாரு. பேத்திக்கா இருக்கும். இந்தக் காலத்துப் பேரு, வாயில நுழைஞ்சிருக்காது. அவருகிட்ட போயி எப்படி இல்லைங்கிறது?

— நாளைக்கு அவர் இருப்பார். அவர் பேத்தியும் இருப்பா. என் பொண்ணு இன்னிக்கு ராத்திரி ரயில்ல கிளம்பிடுவாடி.

— உங்க பொண்ணா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குன்னுதானே ஆர்டர் குடுத்தீங்க.

— பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிண்டு அலையறேன். என் பொண்ணு ஸ்ம்ருதி. காலம்பற மெட்ராஸ்லேர்ந்து வந்து ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுல உக்காந்திண்டிருக்கா. பொறந்த ஊர்ல, பொறந்த நாள் அதுவுமா, லாட்ஜுல.

— வீடு இருக்கும்போது ஏன் மாமி?

— கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் பண்ணிண்டா. நெடுமாறன்னு பேர். நீடாமங்கலம் பக்கம். தங்கமான பிள்ளை, எனக்கு ஜுரம்னா அவன்தான் ஃபோன் பண்ணி மாத்திரை சொல்லுவான். ஆனா அவனோட தாத்தா எங்க மாமனார் வயல்ல நாத்துப் பறிச்சவர். எங்காத்து மாமாவுக்கு அது போறும். இனிமே இந்த ஆத்துல அவ பேரை யாரும் எடுக்கப்படாதுன்னுட்டார். ஏழு வருஷமாச்சு. அவர் எடுக்கவே இல்லை. ரேஷன் கார்டைப் படிக்கறச்சேகூட அந்த வரியைத் தாண்டித்தான் படிக்கறார்.

— எங்க வீட்டுத் தாத்தாவும் நாத்துப் பறிச்சவருதான் மாமி.

— தெரியும்டிம்மா. அதனாலதான் உன்கிட்ட சொல்ல வாய் வரலை.

— சரி, அதை விடுங்க. இன்னிக்கு எப்படிக் கிளம்பி வந்தீங்க? மாமா ஒண்ணும் கேக்கலையா?

— வெண்ணெய்த்தாழிக்குப் போறேன்னு சொன்னேன். எறியறதுக்கு வெண்ணெய்கூட எடுத்துண்டு வந்துட்டேன், பாரு, தூக்குல. வருஷா வருஷம் எறியறதுதானே, அவருக்குச் சந்தேகம் வராது. அவளுக்கு இந்தக் கேக்குதான்டி உசிர். வெண்ணெய்ப் பூச்சு போட்டது. சின்ன வயசுல பந்தலடி பேக்கரி கண்ணாடியில மூக்கை ஒட்டிண்டு நிப்பா. அவர் வாங்கித் தர மாட்டார். முட்டை, ஆசாரம்னு ஆயிரம். இந்த ஒரு தடவை என் கையால குடுத்துடணும்னு நெனச்சேன். அதுக்கும் குடுத்து வைக்கலை. போறும் போ.

— மாமி, இப்படிப் படியில உக்காராதீங்க, சுடும். உள்ள வாங்க.

— செம்மொழி.

— சொல்லுங்க.

— இந்த வெண்ணெய் ஆகுமா உனக்கு?

— எது, தூக்குல இருக்கிறதா? வேணாம் மாமி. சாமிக்கு எடுத்தது.

— ஆத்துல கடைஞ்சது. தயிர் தோய்ச்சு, காலம்பற எடுத்தேன். தண்ணியில போட்டுத்தான் வச்சிருக்கேன், இளகலை. தொட்டுப் பாரேன்.

— தொட மாட்டேன். நேந்துக்கிட்டதை எடுத்து நான் கேக்குல பூசுனா, பெருமாள் வெண்ணெயைத் திருடுனவள்னு எங்க மாமியாரே என்னைப் படியேத்த மாட்டாங்க.

— அவன் திருடாத வெண்ணெயா. யாராத்து உறின்னு பார்த்தா திருடினான்?

— நீங்க பேச்சுல ஜெயிச்சுருவீங்க. என்னன்னு நேந்துக்கிட்டீங்க, அதைச் சொல்லுங்க.

— அவர் வாயால அவ பேரைச் சொல்லணும்னு. அவ்வளவுதான். கூப்பிடணும், சேர்த்துக்கணும்னெல்லாம் பேராசைப்படலை. ஒரு தடவை பேரைச் சொல்லட்டும், மீதியை நான் பார்த்துக்கறேன்னு வேண்டிண்டேன்.

— அப்ப இதை எறியாம விட்டா, அது நடக்காமப் போயிராதா?

— ஏழு வருஷம் எறிஞ்சு பார்த்தாச்சு. அவனுக்கு ஊர் பூராவும் வெண்ணெய். கண்ணு மூக்கு தெரியாம அப்பிண்டு போறான். என் பொண்ணு வெறுங்கையோட உக்காந்திருக்கா. இந்த வருஷம் அவளுக்குக் குடுத்துட்டேன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். நீ கையை நீட்டு.

— குடுங்க. பாவத்துல பாதி எனக்கும் இருக்கட்டும். அந்த ஐஸ் தட்டை இங்க தள்ளுங்க.

— தண்ணியில அலசணுமோ?

— ஐஸ் தண்ணியில நல்லா அலசி, மோர் பூராவும் வடியணும். அப்பறம் துணியில கட்டிப் பிழிஞ்சு ஈரத்தை எடுக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி நின்னாலும் கிரீம் பிரிஞ்சிரும்.

— இதுக்கு நீ வேண்டாம், நகரு. வெண்ணெய் அலசறது எனக்குக் கைவந்த வேலை. நீ சர்க்கரையைச் சலி.

— முட்டை போட்டுத்தான் பண்ணிருக்கேன் மாமி, நீங்க சொன்ன மாதிரி. நீங்க ஒரு வாய்கூட சாப்பிட முடியாதே.

— அவ இப்போ எல்லாம் சாப்பிடறா. முட்டை போட்டாத்தான் பஞ்சாட்டம் வரும்னா. குழந்தை ஊட்டினா நானும் கண்ணை மூடிண்டு முழுங்கிடுவேன். எனக்கென்ன. அவர்தான் பாவம், வெளியில காப்பிகூடக் குடிக்க மாட்டார். ஆமா, முந்திரி போடலையே? அவளுக்கு உதடு வீங்கிடும்.

— போடல. நீங்கதான் மொதல்லயே சொல்லிட்டீங்களே. கொஞ்சம் தள்ளிக்குங்க, மிஷினை ஓட்டுறேன். தெறிக்கும்.

— எவ்வளவு நாழி ஆகும்?

— வெண்ணெய் வெளுத்துப் பொங்கி வரணும். ஃபேனை நிறுத்திட்டேன், சர்க்கரை பறந்துரும். வேர்த்து ஊத்துது, பொறுத்துக்குங்க.

— இது என்ன இப்படி வெள்ளை வெளேர்னு வரது. பாக்கெட்டுல மஞ்சளா இருக்குமே.

— வீட்டு வெண்ணெய்ல அதான் அழகு. இந்தாங்க, நாக்குல வச்சுப் பாருங்க. வேண்டாமா, சாமிக்கு எடுத்ததா?

— குடு. இனிமே என்ன. நன்னா இருக்கு. லேசா புளிக்கறதே?

— அது இருக்கட்டும் மாமி. வெறும் தித்திப்பா இருந்தா ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. உங்க பொண்ணு கேட்டா அம்மா வீட்டுத் தயிருன்னு சொல்லுங்க.

— அழ வச்சுடாதடி.

— ஃபோன் அடிக்குது. என் கை பூராவும் வெண்ணெய். அதை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு இங்க வையுங்க. யாரு நம்பர்?

— இப்ராஹிம் மெடிக்கல்னு வரது.

— அந்த சாருதான். பேரு சொல்லக் கூப்பிடுறாரு. ஹலோ, சொல்லுங்க சார், உங்க கேக்கு ரெடி.

— ஹலோ, கேக்கறதாம்மா? இங்க ஒரே மேளச் சத்தம். பல்லக்கு தாண்டிப் போயிண்டிருக்கு.

— செம்மொழி, இது எங்காத்து மாமா.

— என்ன மாமி சொல்றீங்க?

— அவர் குரல்டி. எனக்குத் தெரியாதா. நான் இங்க இருக்கேன்னு சொல்லாதே.

— ஹலோ, யாரும்மா கூடப் பேசறா?

— ஒண்ணுமில்ல சார், பக்கத்து வீட்டு மாமி. நீங்க சொல்லுங்க.

— கேக்கை எடுத்துக்க நான் அங்க வரலைம்மா. ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ் இருக்கே, அங்க கொண்டுபோய்க் குடுக்க முடியுமா? ஆட்டோவுக்கு நான் தந்துடறேன். என் கையில குடுத்தா இந்தக் கூட்டத்துல கீழ போட்டுடுவேன்.

— குடுத்துரலாம் சார். அங்க யாருகிட்ட குடுக்கணும்?

— என் ஆத்துக்காரி இருப்பா, விஜயம்னு பேர். என்கிட்ட வெண்ணெய்த்தாழிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பியிருக்கா. பொண்ணுகிட்ட ஃபோன்ல லாட்ஜுன்னு பேசினது என் காதுல விழுந்துடுத்து. அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு வாரமா சுவத்தைப் பார்த்துச் சிரிச்சுண்டிருக்கா, கேட்டா பல்வலிங்கறா. பல்வலிக்கு யாராவது சிரிப்பாளோ.

— சிரிக்க மாட்டாங்க சார்.

— வெறுங்கையோட போயிருப்பா. என்கிட்ட கேக்கு வாங்கணும்னு கேக்கவா முடியும் அவளால. நான் அப்படி வச்சிருந்திருக்கேன் அவளை. அதனால அம்மா வாங்கினதாவே இருக்கட்டும். என் பேரைச் சொல்ல வேண்டாம்.

— சரிங்க சார். கேக்கு மேல என்ன பேரு எழுதணும்?

— பேரா.

— ஆமா சார். பேருக்காகத்தான் நிக்குது.

— கொஞ்சம் இரும்மா. இப்ராஹிம், அந்தத் தண்ணியை இப்படிக் குடு.

— மெதுவா சொல்லுங்க சார். நான் இங்கதான் இருக்கேன்.

— ஸ்ம்ருதி. ஸ்ம்ருதின்னு எழுதும்மா.

— எழுதிடுறேன் சார். மாமி, இந்தாங்க, இந்தத் துணியில கண்ணைத் துடைச்சுக்குங்க.

— அங்க யாராவது அழறாளா?

— இல்ல சார். பக்கத்து வீட்டு மாமிக்குச் சர்க்கரைத் தூள் கண்ணுல பட்டுருச்சு.

— பார்த்துக்கோம்மா, நல்ல தண்ணியில அலம்பச் சொல்லு. அப்பறம் ஒண்ணு கேக்கணும். முட்டை போடாமத்தானே பண்ணியிருக்கே?

— நீங்க சொன்ன மாதிரியேதான் சார். பொண்ணு முட்டை சாப்பிட மாட்டாங்களோ?

— அவ சாப்பிடுவா, தாராளமா சாப்பிடுவா. எனக்குத்தான் ஆகாது. அவ வெட்டி ஒரு துண்டை என் வாய்க்கிட்ட கொண்டு வரச்சே, நான் வேண்டாம்னு சொல்லிடப்படாது பாரு.