நாப்பத்தெட்டு புறாக் கூண்டு

— அது புறாக் கூண்டு சாரு.

— நாப்பத்தெட்டு வீட்டு ஜன்னலுக்கு வெளியிலயும் கோணி சுத்தின புறாக் கூண்டா, பூவம்மா?

— எர்ணாவூரு சாரு இது. இங்க புறா வளக்காத வூடு ஏது? உள்ள வந்து குந்து, டீ போடுறேன்.

— கூண்டுலேருந்து தண்ணி சொட்டுதே.

— புறா குளிக்கும்ல.

— சரி, விடுங்க. நான் சண்டைக்கு வரல, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். என் பேரு சித்தார்த், திட்ட அலுவலகத்துல இன்ஜினியர். போன மாசம் எங்க ஆளுங்க வந்து வீடு வீடா ஃபாரம் எழுதிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா?

— இல்லாம இன்னா. அசோசியேசன் தலைவியே நாந்தான? ஒவ்வொரு வூட்லயும் பக்கத்துல நின்னு எழுத வெச்சேன்.

— அதுல உங்க பிளாக்ல ஒரு வீட்டுலயும் ஏசி இல்லன்னு இருக்கு.

— ஏழபாழைங்க சாரு. ஃபேன் காத்தே எங்களுக்கு ஊட்டி.

— அதான் விஷயமே. புதுசா கட்டுற கட்டடம் எவ்வளவு கரியமில வாயு விடலாம்னு விதி எழுதிட்டிருக்கோம். கரன்ட் கம்மியா இழுக்கிற பிளாக்கா பாத்து மொதல்ல இடிச்சு, அந்த விதிப்படி கட்டிக் காட்டப் போறோம். பட்டியல்ல உங்க பிளாக்தான் முதல் இடம்.

— மெய்யாலுமா? சீலிங்கு பேந்து பேந்து தலைல வுழுது நைனா. பதினோரு வருசமா மனு குடுத்துகினு கீறோம். எங்க, படம் காட்டு.

— இதோ. மொட்டை மாடி பூரா வெள்ளை ஓடு, சூடு இறங்காது. சுவர் சாம்பல் கல்லு. அனல் மின் நிலையத்துச் சாம்பல்ல செய்றது, செங்கல்லு மாதிரி சூளை போட வேணாம்.

— அய்ய, அந்தச் சாம்பலத்தான் தெனம் மூக்குல வாங்கிகினு கீறோம். சுவத்துலயாவது கெடக்கட்டும். இது இன்னா, ஜன்னல் ஓட்ட ஓட்டயா கீது?

— ஜாலிக் கல்லும்மா. கதவே கிடையாது. கடல் காத்து நாள் பூரா உள்ள வரும். ஏசிக்கு வேலையே இல்ல, அதனால ஒயரும் மெலிசாத்தான் போடுறோம்.

— சாத்தணும்னா இன்னா பண்றது?

— கடல் காத்த யாராவது சாத்துவாங்களா?

— நைனா, ஒரே ஒரு கதவு வெச்சிக் குடுத்துடேன்.

— விதிக்குள்ள வராதும்மா. கதவு வெச்சா மூடுவாங்க. மூடினா ஏசி வாங்குவாங்க.

— ஏற்கெனவே வாங்கி வெச்சிருந்தா?

— அப்போ பட்டியல்லேருந்து உங்க பிளாக் பேர அடிச்சிடுவோம். ஏன் கேக்குறீங்க?

— டீய வெச்சிட்டு எந்திரி. இந்த ஜன்னலத் தொற.

— சுத்திலும் டேப் ஒட்டியிருக்கே.

— பிச்சிட்டுத் தொற. தலைய வெளில நீட்டி, நல்லா மூச்ச இழு.

— ஐயோ, என்னம்மா இது, தொண்டையெல்லாம் எரியுது.

— இதான் உன் கடல் காத்து. எந்த கம்பெனி வுடுதோ தெரில, சாயங்காலம் ஆனா வந்துடும். எம்பொண்ணு மகிழினி ஒம்பதாவது படிக்குது. இந்த வாட உள்ள வந்தா அதுக்கு மூச்சு இஸ்துகினு வந்துடும். ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு ஓடியிருக்கேன். ஜன்னல சாத்தி வையுன்னாரு டாக்டரு. சாத்தினா வூடு வேவுது. சீட்டு எடுத்து வாங்கினேன்.

— எதை?

— புறாவத்தான். நாப்பத்தெட்டு வூட்லயும் கீது. ஏசி கீதுன்னு எழுதினா ரேசன் கார்ட புடுங்கிப்பாங்கன்னு பயந்து, எல்லாருக்கும் கோணிய குடுத்து சுத்த வெச்சவளும் நாந்தான்.

— கரன்ட் மீட்டரக் கூடவா எங்க ஆளுங்க பாக்கல?

— அவங்க ஃபாரத்தத் தவுத்து எதையுமே பாக்கல.

— நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா புது வீடு கிடைச்சிருக்கும். தெரிஞ்சேதான் சொல்றீங்களா?

— தெரிஞ்சுதான். பயமாவும் கீது, நாளைக்கு பிளாக்கே என்னிய திட்டும். ஆனா சீலிங்கு வுழுந்தா நவுந்து படுத்துக்கலாம் நைனா, மூச்சு நின்னா இன்னா பண்ணுவேன்? சாத்த முடியாத வூட்ல எம்பொண்ண வெக்க மாட்டேன். அடிச்சிக்கோ எங்க பேர. பேனாவ எடு.

— அடிக்க ஆரம்பிச்சா பட்டியல்ல ஒரு பேரும் மிஞ்சாது அக்கா. ரெண்டாவதா கீறது வியாசர்பாடில எங்க பிளாக்கு. எங்கம்மாவும் ஏசி இல்லன்னுதான் எழுதிக் குடுத்திச்சு. நேர்ல போயி சரி பாத்துட்டேன்னு, அந்த ஏசிக்கு அடில குந்திகினு கையெழுத்து போட்டதே நாந்தான்.